புகை விடாத ஒரே வண்டி

ஊரில் ஓடுகிற வண்டிகளில் புகை விடாத வண்டி ஒன்றே ஒன்றுதான். அது அவரவர் வண்டி. சிக்னலில் மூக்கைப் பொத்திக்கொண்டு, முன்னால் நிற்கிற ஆட்டோவை முறைப்போமே தவிர, பின்னால் நிற்பவர் ஏன் நம்மை முறைக்கிறார் என்று யோசிக்க மாட்டோம். பாவம், அவருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று விட்டுவிடுவோம். இதற்காக நம்மைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓட்டுகிறவனை முன்னாலும் சைலன்சரைப் பின்னாலும் வைத்தவன் மனித மனத்தை நன்றாகப் படித்தவன்.

இந்த விஷயத்தில் எங்கள் தெருவுக்கே நான் முன்னோடி. சுற்றுச்சூழல் மீது எனக்கு அபார அக்கறை. அடுத்தவர் வண்டி சம்பந்தப்பட்ட வரைக்கும். வேளச்சேரி நூறடி ரோட்டில் தண்ணி லாரி ஒன்று கறுப்பாக விட்டுவிட்டுப் போனால் அன்று ராத்திரி வரை அதைப் பற்றியே பேசுவேன். சட்டம் என்ன செய்கிறது, அதிகாரிகள் எங்கே போனார்கள், வெளிநாட்டில் எப்படி என்று சாப்பாட்டு மேஜையில் சொற்பொழிவு நடக்கும். அப்படி ஒரு சொற்பொழிவின் நடுவில்தான், ரசத்தை ஊற்றிக்கொண்டே என் மனைவி கேட்டாள்: “நம்ம வண்டிங்களுக்குப் பொல்யூஷன் சர்டிபிகேட் எப்ப எடுத்தீங்க?”

கேள்வி கேட்டால் பதில் சொல்வது ஒரு வழி. கருவி வாங்குவது இன்னொரு வழி. நான் எப்போதும் இரண்டாவது கட்சி.

வந்து சேர்ந்தது, காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் ஒரு வெள்ளை டப்பா. பிஎம் 2.5 என்பது இரண்டரை மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட தூசு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. டப்பாவுக்குள் ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கிறது. அதன் குறுக்கே லேசர் ஒளி பாய்கிறது. துகள் ஒளியைச் சிதறடிக்க, சிதறலைக் கணக்குப் போட்டு எண் காட்டுகிறது. ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனத்தைக் கேட்டால் 15-க்கு மேல் கூடாது என்கிறது. ரோட்டைப் பார்த்த பால்கனியில் டப்பாவை வைத்து, கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். நகரத்தின் குற்றங்களைப் பதிவு செய்யும் கடமை என் தோளில் விழுந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் எண் ஏற ஆரம்பித்தது. 80, 140, 260. “வந்துட்டான்!” என்று எழுந்து ரோட்டைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஒரு மாடும், சாப்பாட்டு டெலிவரிப் பையன் ஒருவனும்தான் இருந்தார்கள். இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். புகை வந்தது எனக்குப் பின்னாலிருந்து. உள்ளே மோர்க்குழம்புக்கு மிளகாய் வற்றல் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அது அடங்கியதும் அம்மா சாம்பிராணி போட்டார். அன்றைக்கு வேளச்சேரியின் காற்றை மிக மோசமாகக் கெடுத்தது எங்கள் பூஜை அறை என்று என் நோட்டுப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

டப்பாவைக் குறை சொல்ல முடியாது. லாரிப் புகையோ கடுகு தாளிப்போ, அதற்கு எல்லாம் துகள்தான். எவ்வளவு என்று சொல்லும். யாருடையது என்று சொல்லாது. காற்றில் ஈரம் அதிகமானால் நீர்த்திவலையையும் தூசியோடு சேர்த்து எண்ணிவிடும். சென்னையில் ஈரத்துக்குப் பஞ்சமா? அரசாங்கத்தின் பெரிய நிலையங்கள் இதைவிட எவ்வளவோ துல்லியம். மணலியிலும் ஆலந்தூரிலும் எங்கள் வேளச்சேரியிலும்கூட அப்படி நிலையங்கள் உண்டு. 2015-இல் வந்த தேசிய காற்றுத் தரக் குறியீட்டின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் போட்டு, ‘சமீர்’ செயலியில் போனிலேயே பார்க்கலாம். ஆனால் அவையும் ஊர்க் காற்றைத்தான் அளக்கும். கெடுத்தவன் வண்டி நம்பர் வராது. எனக்கு வேண்டியது நம்பர்.

“நம்பர் வேணும்னா முதல்ல நம்ம நம்பர்லேர்ந்து ஆரம்பிங்க” என்றாள் மனைவி. ரசம் ஊற்றிய அன்று கேட்ட கேள்வியை அவள் கைவிடவில்லை.

எங்கள் வீட்டில் வண்டி இரண்டு. 2015-இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று. 1994-இல் அப்பா வாங்கிய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் இன்னொன்று. கார் குடும்பத்துக்கு, ஸ்கூட்டர் எனக்கு. காபிப் பொடி வாங்க நான் ஸ்கூட்டரை எடுத்தால் தெருவுக்கே தெரியும். பாதி சத்தத்தால், மீதி வாசனையால். எதிர்வீட்டு அம்மா உடனே கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். பெரியவர்கள் வெளியே கிளம்பும்போது பெண்கள் காட்டும் மரியாதை அது என்று நீண்ட காலம் எண்ணியிருந்தேன்.

பொல்யூஷன் சர்டிபிகேட் என்பது எங்கள் காலத்தில் மிகவும் நாகரிகமான ஏற்பாடு. டீக்கடை ஓரத்தில் ஒரு வேன் நிற்கும். “வண்டி எதுக்கு சார்? நம்பர் சொல்லுங்க, போதும்” என்பார் உள்ளே இருப்பவர். வண்டி வீட்டில் தூங்கும். அதன் புகை மட்டும் இங்கே வந்து பாஸாகிவிடும். டீ ஆறுவதற்குள் சர்டிபிகேட் கைக்கு வரும். காற்று மாசைக் கட்டுப்படுத்த இதைவிட எளிய வழி உலகில் வேறெங்கும் கிடையாது என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது அந்தப் பருப்பு வேகாது. சான்றிதழ் வாகனப் பதிவுத் தகவலோடு கணினியில் இணைந்துவிட்டது. 2021 ஜூனில் நாடு முழுவதற்கும் ஒரே படிவம் வந்தது. அதில் கியூஆர் கோடு, உரிமையாளரின் போன் நம்பர் எல்லாம் உண்டு. நம்பர் பிளேட்டோடு வண்டியைப் படம் பிடிக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போய்விடும். 10,000 ரூபாய் என்ற இடத்தில் என் சுற்றுச்சூழல் அக்கறை உச்சத்தைத் தொட்டது. காரை எடுத்துக்கொண்டு டெஸ்ட் சென்டருக்கு விரைந்தேன்.

பையன் ஒருவன் ஒரு நீளமான எஃகுக் குழாயைச் சைலன்சருக்குள் சொருகினான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, “ஓடிபி சொல்லுங்க சார்” என்றான்.

“எனக்கு எதுவும் வரலையே.”

“ஆர்சில இருக்கிற நம்பருக்குப் போயிருக்கும்.”

கார் வாங்கிய அன்று ஷோரூமில் நம்பர் கேட்டபோது மனைவியின் நம்பரைக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. என் நம்பரைக் கொடுத்தால் தினமும் யாராவது கூப்பிட்டு இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பார்களே என்ற முன்யோசனைதான். அவளைக் கூப்பிட்டேன். காய்கறிக் கடையில் இருந்தாள்.

“உனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு.”

“ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க.”

“நான்தான்டி கேட்கறேன்!”

“குரல் உங்க குரல் மாதிரிதான் இருக்கு. இப்பல்லாம் குரலை அப்படியே பண்ணிடறாங்களாமே? நீங்க அவர்தான்னா, என் பொறந்த நாள் என்னைக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

எனக்குப் பின்னால் வண்டிகள் வரிசையில் நின்றன. எல்லோரும் எஞ்சினை அணைக்காமல், மாசுக் கட்டுப்பாட்டு மையத்தின் வாசலில் தாராளமாகப் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். தேதியை நான் தோராயமாகச் சொன்னேன். “தப்பு. அப்ப நீங்க அவரேதான்” என்று சொல்லிவிட்டு ஓடிபியைக் கொடுத்தாள்.

கார் பாஸ். எங்கள் கார் பிஎஸ்-4 ரகம். கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்கும் உள்ளே இருக்க வேண்டும். இருந்தது. அந்தத் தெம்பில் மறுநாள் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனேன். 2000-க்கு முந்தைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு அரசாங்கம் எவ்வளவு ஹைட்ரோகார்பன் அனுமதிக்கிறது தெரியுமா? 9,000 பங்கு. காருக்கு விதித்ததில் நாற்பத்தைந்து மடங்கு. இவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைத்தும் எங்கள் ஸ்கூட்டரால் உள்ளே நுழைய முடியவில்லை. தோற்ற வண்டிக்கு நிராகரிப்புச் சீட்டு கொடுக்கும் வழக்கமும் 2021-இல் வந்ததுதான். இளமையில் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிய காலத்துக்குப் பிறகு எனக்கு எழுத்து மூலம் வந்த முதல் நிராகரிப்பு அது. அப்போதாவது ‘வருந்துகிறோம்’ என்று இருக்கும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் அமைப்பே அப்படி. எரிந்த புகை வெளியே போகும் வாசலும் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும் வாசலும் ஒரே சமயத்தில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். வந்த பெட்ரோலில் ஒரு பகுதி உட்காராமலேயே புகையோடு கிளம்பிவிடும். பங்கில் பெட்ரோலோடு கலந்து போடும் டூ-டி ஆயிலும் சேர்ந்து நீலப் புகையாக வரும். நான் இத்தனை காலம் பெட்ரோல் போட்டது வண்டிக்குப் பாதி, எதிர்வீட்டுத் துணிக்குப் பாதி.

“கார் பாஸாயிடுச்சே, அதைப் பாரு” என்று வீட்டில் சான்றிதழைக் காட்டினேன். எஞ்சினியரிங் படிக்கும் மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்பா, அப்ப டாஷ்போர்டுல அந்தக் கறுப்பு டேப் எதுக்கு?” என்றாள்.

விளக்க வேண்டியதாகிவிட்டது. ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று கொஞ்ச காலமாக எரிந்துகொண்டிருந்தது. பழைய மெக்கானிக்கிடம் காட்டினேன். “அது சென்சார் லைட்டு சார். சும்மா எரியும். கண்ணை உறுத்துதா?” என்று கேட்டு, இன்சுலேஷன் டேப்பில் துளி கிழித்து அதன்மேல் ஒட்டினார். உடனே சரியாகிவிட்டது. காசும் வாங்கவில்லை. அன்றிலிருந்து அவரை நான் பத்துப் பேரிடம் சிபாரிசு செய்திருக்கிறேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டு, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வாங்கிவந்தாள். 2013 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற கார்களில் ஓபிடி-2 என்கிற சுயபரிசோதனை ஏற்பாடு கட்டாயம். அதற்கான பதினாறு ஊசிச் சாக்கெட், ஸ்டியரிங்குக்குக் கீழே மறைவாக இருக்கும். அதைத் தேடித் தலையைக் கீழேயும் காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நான் கிடந்தபோது, மாடி வீட்டுக்காரர் ஓடிவந்து, “சார், நெஞ்சு வலியா?” என்று காலைப் பிடித்து இழுத்தார். சொருகியதும் கருவி புளூடூத்தில் மகளின் போனோடு பேசியது. திரையில் வந்தது ‘பி0420’ என்ற பிழைக் கோடு.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சைலன்சருக்கு முன்னால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒரு பாகம் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் நைட்ரஜன் ஆக்சைடையும் மடக்கிப் பெரும்பாலும் கரியமில வாயு, தண்ணீர், நைட்ரஜன் என்று மாற்றி அனுப்புவது அதன் வேலை. அதற்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னது எப்போதும் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தால் பின்னது ஆடாமல் அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தால், நடுவில் இருப்பவர் வேலை செய்யவில்லை என்று எஞ்சின் கம்ப்யூட்டர் முடிவுகட்டி பி0420 போடுகிறது. எங்கள் காரில் இரண்டும் சேர்ந்து ஆடின.

“புதுசு என்ன விலை?”

“உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருப்பாங்கப்பா. விலை ஜாஸ்திதான்.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. “இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு ஒரு பிளாட்டினம் மோதிரம் கேட்டேன். அநாவசியம்னு சொன்னீங்க. சைலன்சருக்கு மட்டும் போட்டு வச்சிருக்கீங்க!”

எனக்கு வேறொரு சந்தேகம். விளக்கு எரிகிற கார், டெஸ்டில் எப்படிப் பாஸானது? டெஸ்டின் போது கார் நின்ற இடத்தில் நிற்கிறது. பளு கிடையாது, மேடு கிடையாது, வேளச்சேரி ரயில் நிலையப் பக்கத்து நெரிசல் கிடையாது. பெட்ரோல் வண்டியில் அளப்பதும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான். நைட்ரஜன் ஆக்சைடைக் கேட்பாரில்லை. எனக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. சுகர் டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்தே ஸ்வீட்டைத் தொட மாட்டேன், விடியற்காலை நடப்பேன், ரிசல்ட் தங்கமாக வரும், திரும்பும் வழியிலேயே ஜிலேபி. டாக்டர் இதைக் கண்டுபிடித்து, மூன்று மாதச் சராசரியைக் காட்டிக்கொடுக்கிற எச்பிஏ1சி டெஸ்டை எழுதிக் கொடுத்தார். அன்றோடு எங்கள் நட்பு முறிந்தது.

நான் செய்ததைக் கம்பெனிகளே செய்திருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் ஒரு மென்பொருள் வைத்திருந்தது. சக்கரம் ஓடுகிறது, ஸ்டியரிங் மட்டும் திரும்பவில்லை என்றால் இது ஆய்வகம் என்று காருக்குப் புரிந்துவிடும். உடனே பரம சாதுவாகிவிடும். ரோட்டுக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல நாற்பது மடங்கு வரைக்கும் போகும். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் டிக்கியில் கருவியை வைத்து ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்ததில்தான் குட்டு உடைய ஆரம்பித்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நோட்டீஸ் விட்டது. உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஜிலேபி தின்பதில் நான் தனி ஆள் இல்லை என்பதில் ஓர் ஆறுதல்.

வண்டிக்கும் ஓர் எச்பிஏ1சி உண்டு. அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் டொனால்டு ஸ்டெட்மன் 1980-களின் கடைசியில் அதைச் செய்து காட்டினார். ரோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுவது. வண்டி கடந்து போனதும் அது விட்டுப்போன புகையைக் கதிர் ஊடுருவும். காற்றில் புகை எவ்வளவு கலைந்தாலும், அதற்குள் கரியமில வாயுவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உள்ள விகிதம் மாறாது. அந்த விகிதத்தை வைத்து எஞ்சினின் லட்சணத்தை ஒரு விநாடிக்குள் சொல்லிவிடலாம். பக்கத்தில் கேமரா நம்பரைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டாம், குழாய் சொருக வேண்டாம், பிறந்த நாள் தெரிய வேண்டாம். ஸ்டெட்மன் குழு அளந்து பார்த்ததில், மொத்தக் கார்பன் மோனாக்சைடில் பாதியை ஏறக்குறைய பத்தில் ஒரு வண்டிதான் விடுகிறது என்று தெரிந்தது. அந்த ஒன்று யாருடையது என்று எங்கள் தெருவில் கேட்டால், பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரைக் காட்டுவார்கள். நான் முதலில் காட்டுவேன்.

ஹாங்காங்கில் 2014 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பெட்ரோல், எல்பிஜி வண்டி எதுவாவது அளவு மீறினால் உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும். 12 வேலை நாட்களுக்குள் வண்டியைச் சரிசெய்து டெஸ்டில் பாஸாக வேண்டும். இல்லையென்றால் வண்டியின் லைசென்ஸ் ரத்து. அதற்கு முன்பே, டாக்ஸிகளும் சிற்றுந்துகளும் தேய்ந்துபோன கன்வெர்ட்டரை மாற்றிக்கொள்ள அரசாங்கமே பணமும் கொடுத்தது. இந்தத் தகவலை மனைவியிடம் சொன்னபோது, “அப்ப ஹாங்காங்குக்கே போய் மாத்திக்குங்க” என்றாள். நம் நாட்டில் கொல்கத்தாவில் 2009 முதல் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். தில்லியிலும் குருகிராமிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அளவீடுகள் எடுத்து 2024-இல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. சுத்தம் என்று நல்ல பெயர் வாங்கிய சிஎன்ஜி வண்டிகளிலும் நைட்ரஜன் ஆக்சைடு ஆய்வக வரம்பைத் தாண்டிப் பல மடங்கு போவதை அது காட்டியது. நல்ல பெயர் என்பதும் ஒரு கறுப்பு டேப்தான்.

நாம் அதிகம் விரும்புவது கதிரை அல்ல, கேமராவை. தில்லியில் 2025 ஜூலை 1 முதல், 10 வருடம் கடந்த டீசல் வண்டிக்கும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் பங்கில் எரிபொருள் கிடையாது என்று அறிவித்தார்கள். பங்குகளில் கேமரா நம்பரைப் படிக்கும்; பதிவேட்டில் வயதைப் பார்க்கும்; ஸ்பீக்கர் அதை ஊருக்கே அறிவிக்கும். சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். கேமரா வைத்த இடம் சரியில்லை, சென்சார் வேலை செய்யவில்லை, ஸ்பீக்கர் பேசவில்லை என்று அரசுத் தரப்பே குறைகளை அடுக்கியது. இதைச் சத்தமாகப் படித்தபோது மனைவி, “அந்த ஸ்பீக்கர் வண்டி வயசை மட்டும் சொல்லுமா, ஓட்டறவர் வயசையும் சொல்லுமா?” என்று விசாரித்தாள். லண்டனில் 2019-லிருந்து கேமராவை வைத்து, மாசு வரம்புக்கு உட்படாத வண்டியிடம் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு வசூலிக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் அதை நகரம் முழுவதற்கும் விரிவாக்கியதும், ராத்திரியில் ஏணி போட்டு ஏறிக் கேமரா வயரை வெட்டினார்கள் சில கனவான்கள். ஆங்கிலேயரிடம் நாம் கற்றது போதாது.

சென்னையில் கேமரா வந்தாலும் எனக்குக் கவலையில்லை என்றேன். “ஏன்னா நம்ம நம்பரைப் படிக்கவே முடியாது” என்றாள் மகள். போய்ப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முன் பம்பரில் கட்டிய எலுமிச்சம் பழமும் மிளகாயும் காய்ந்து, நம்பர் பிளேட்டின் நடுவில் சரியாக ஒரு 8-ஐ மறைத்துத் தொங்கின. திருஷ்டி மட்டுமல்ல, செயற்கை நுண்ணறிவும் அண்டாத ஏற்பாடு.

எலுமிச்சம் பழம் இல்லாவிட்டாலும் அந்தக் கேமரா பார்ப்பது புகையை அல்ல. புகைக்கு நாம் வாங்கி வைத்திருக்கும் சீட்டையும் வண்டியின் பிறந்த தேதியையும்தான். சீட்டின் யோக்கியதை என்ன? தில்லி பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025-இல் அங்கே சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. வரம்பு மீறிப் புகைவிட்ட 1.08 லட்சம் வண்டிகளுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்கிறது. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகவும் பதிவுகள் உண்டு. டீக்கடை ஓரத்து வேனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு அதற்கு ஸ்மார்ட் என்று பெயர் வைத்தால், பொய்யும் ஸ்மார்ட்டாகத்தான் வரும்.

காரின் கதை நல்லபடியாக முடிந்தது. மகள் கூட்டிப்போன வேறு மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “வேளச்சேரி வண்டியா சார்?” என்றார். மழைக்கு மழை தண்ணீரில் நின்றதில் புகைக்குழாய் துருப்பிடித்து, பின் சென்சாருக்குப் பக்கத்தில் ஓட்டை. அதன் வழியாக வெளிக்காற்று புகுந்து சென்சாரைக் குழப்பியிருக்கிறது. கன்வெர்ட்டரில் கோளாறில்லை, என் பிளாட்டினம் பத்திரமாக இருக்கிறது. வெளிக்காற்று கலந்தால் டெஸ்டில் எண் குறைவாகக் காட்டவும் வாய்ப்புண்டாம். ஆக, நான் பெருமையோடு காட்டிய சான்றிதழில் ஓட்டையின் பங்கு எவ்வளவு என்பது அந்த ஓட்டைக்கே வெளிச்சம். ஒரு சின்ன வெல்டிங்கில் விளக்கு அணைந்தது. ஸ்கூட்டரும் கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, சைலன்சர் கரியைச் சுரண்டிய பிறகு பாஸாகிவிட்டது. 9,000-த்துக்குள் வருவதற்குப் பெயர் சுத்தம் அல்ல என்று மகள் சொல்லிவிட்டதால் காபிப் பொடிக்கு இப்போது நடந்தே போகிறேன். கடை நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

இனி, ஒரு குடும்பஸ்தனின் விண்ணப்பம். அரசாங்கத்துக்கு: கேமராவுக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியை அந்தக் கதிர்க் கருவிக்கும் ஒதுக்குங்கள். ஜிஎஸ்டி ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் வையுங்கள். சீட்டைப் பார்க்காமல் புகையைப் பாருங்கள். பிடிபட்டவனுக்கு அபராதத்துக்கு முன்னால் பழுது பார்க்கக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். வாசகர்களுக்கு: மஞ்சள் விளக்கு எரிந்தால் டேப்பைத் தேடாமல் பிழைக் கோடைப் படியுங்கள். ஏர் பில்டரையும் பிளக்கையும் காலத்தில் மாற்றுங்கள். டெஸ்டுக்கு வண்டியையும் கூடவே கூட்டிப்போங்கள். கிளம்புவதற்கு முன் ஆர்சியில் இருப்பது யார் போன் நம்பர் என்று பாருங்கள். அது மனைவியின் நம்பராக இருந்தால், சண்டை இல்லாத நாளாகப் பார்த்து, பிறந்த நாளை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புங்கள்.